ஐந்து நட்சத்திரமும் ஒரு கடவாய்ப்பல்லும்

எங்கள் இல்லத்தில் ஒருவருக்குப் பல் தேய்த்துவிட நான்கு பேர் வேண்டும். தலையைப் பிடிக்க ஒருவர், தாடையை விரிக்க ஒருவர், தேய்க்க ஒருவர். நான்காவது ஆள் பக்கத்தில் நின்று 'அன்புடன் தேய்க்கப்பட்டது' என்ற கட்டத்தில் டிக் போடுவார். அவர் வராத அன்று யாருக்கும் பல் தேய்ப்பு கிடையாது. டிக் போட ஆளில்லாமல் தேய்ப்பது விதிமீறல் என்று சுவரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

நான் அந்தோணிமுத்து. மயிலாடும்பாறைப் பக்கம் முப்பத்து மூன்று வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன். கம்பத்துக்கு வெளியே திராட்சைப் பந்தல்களுக்கு நடுவில் இருக்கிற 'கனிந்த நிழல்' முதியோர் இல்லத்துக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. எண்ணிப் பழகின புத்தி சும்மா இருக்காது, எதைப் பார்த்தாலும் எண்ணும். நாங்கள் மொத்தம் முப்பத்தொரு பேர். எல்லார் வாயிலும் சேர்த்துச் சொந்தப் பல் எண்பத்தாறு. அதில் பத்தொன்பது, மூக்கம்மாள் ஒருத்தியின் வாயில் இருந்தன. முன்பல் முழுசாக இருந்ததும் அவளுக்கு மட்டும்தான். பத்தொன்பதில் பதினெட்டு நல்ல பல். மீதி ஒன்று, வலதுபக்கம் கீழே, குடைந்துபோன கடவாய்ப்பல்.

மூக்கம்மாள் பண்ணைப்புரத்துக்காரி. இருபத்தாறு வருஷம் விடியுமுன் ஜீப்பில் தொற்றிக்கொண்டு கேரளா எஸ்டேட்டுக்கு ஏலக்காய் பறிக்கப் போனவள். அட்டைக்கடியும் அடைமழையும் பார்த்த உடம்பு. சித்திரையில் அந்தப் பல் வலிக்க ஆரம்பித்தது. ஆடி பிறந்தும் வலி நிற்கவில்லை. வலதுகன்னம் வீங்கிக் கண்ணைத் தொட்டது. சோற்றைக் கரைத்து ஒரு பக்கமாக ஊற்றிக்கொள்வாள்.

"வாத்தியாரே, வேற ஒண்ணும் கேக்கல. இந்த ஒத்தப் பல்லப் புடுங்கி விட்டாகன்னாப் போதும். காதுக்குள்ள ஆணி அடிக்கிற மாதிரி இருக்கு" என்று என்னிடம் சொன்னாள். என்னிடம் சொல்லி என்ன பிரயோஜனம்? நான் பல்லே இல்லாத வாத்தியார்.

கம்பம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பல் டாக்டர் இருக்கிறார். ஜீப்பில் போனால் பத்து நிமிஷம். ஜீப்பும் இல்லத்து வாசலில்தான் நிற்கிறது. டிரைவரும் அதில்தான் தூங்குகிறார். பின் ஏன் கூட்டிக்கொண்டு போகவில்லை என்றால், நட்சத்திரம் குறைந்துவிடும்.

மூத்தோர் வாய்நல மேம்பாட்டு உயர்மட்டக் குழு என்று ஒன்று இருக்கிறது. முதியோர் இல்லங்களுக்கு வாய்நலத்தில் நட்சத்திரம் போடுவது அதன் வேலை. எங்களுக்கு நாலரை. ஐந்து வாங்கிவிட வேண்டும் என்று இயக்குநர் ஆதித்தன் தவமிருந்தார். குழுவின் விதி பதினான்கு என்ன சொல்கிறதென்றால், ஒரு முதியவரை வெளியே பல் மருத்துவரிடம் அழைத்துப் போவது அந்த இல்லத்தின் வாய்ப் பராமரிப்பு தோற்றுவிட்டதற்கு அத்தாட்சி. ஒவ்வொரு முறைக்கும் அரை நட்சத்திரம் வெட்டு. ஆகவே வாய் எவ்வளவு கெட்டாலும் உள்ளேயே கெட வேண்டும்.

மூக்கம்மாள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவர் அறைக்கே போய் நின்றாள். என்னையும் துணைக்கு இழுத்துப் போயிருந்தாள்.

"ஆத்தா, நம்ம இல்லத்துல பல்வலியே கெடையாது" என்றார் ஆதித்தன். கோபமெல்லாம் இல்லை, பொறுமையாகத்தான் சொன்னார். "போன மாச அறிக்கையில பூச்சியம்னு எழுதிக் குடுத்தாச்சு. இப்ப வந்து வலிக்குதுங்கிறீக. அப்ப நான் பொய் சொன்னேன்னு ஆகுதுல்ல?"

"நீங்க பொய் சொன்னீகன்னு நான் சொல்லலைய்யா. பல்லு வலிக்குதுன்னுதான் சொல்றேன்."

"ரெண்டும் ஒண்ணுதான் ஆத்தா. போய் நல்லாத் தேய்ங்க" என்றார்.

தேய்ப்பதற்கு இங்கே குறைச்சலே இல்லை. காலை ஆறு மணிக்கு எல்லோரும் கூடத்தில் நிற்போம். வலது கையில் பிரஷ்ஷை உயர்த்தி, 'என் பல் என் இல்லத்தின் பெருமை' என்று உறுதிமொழி எடுப்போம். முப்பத்தொரு பேரில் ஒன்பது பேருக்குத்தான் பல் உண்டு. ஆனாலும் பல் இல்லை என்பது தேய்க்காமலிருக்கக் காரணமாகாது என்று சுற்றறிக்கை வந்திருந்தது. பஞ்சம்மாளுக்கு ஒரு பல்கூடக் கிடையாது. அவள் வெறும் ஈற்றைக் கடினப் பிரஷ்ஷால் இரண்டு வேளையும் தேய்த்து ரத்தம் கக்கினாள். மேற்பார்வை நர்ஸ் மெர்லின் எட்டிப் பார்த்து, 'ஈறு நல்ல சிவப்பு' என்று எழுதிக்கொண்டாள். அதற்கு இரண்டு மதிப்பெண்.

மூக்கம்மாள் கிராம்பு வைத்தாள். பறித்தார்கள். மடியில் முடிந்து வைத்திருந்த புகையிலைத் துணுக்கை வலிக்கிற இடத்தில் அடக்கினாள். வாயை விரித்து விரலை விட்டு அதையும் தோண்டி எடுத்தார்கள். தடை செய்யப்பட்ட பொருள் ஒன்று கைப்பற்றப்பட்டது என்று தேனியில் இருக்கிற குழு அலுவலகத்துக்குச் செய்தி போனது. குழுவிடமிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது.

அடுத்து கட்டுப்பல் விவகாரம். செயற்கைப் பற்களைக் கிருமி நீக்கம் செய்ய வேண்டும் என்று உத்தரவு வந்ததும், பதினேழு பேர் கட்டுப்பல்லையும் கழற்றி வாங்கி, சோறு வடிக்கிற அண்டாவில் போட்டு முக்கால் மணி நேரம் கொதிக்க வைத்தார்கள். கட்டுப்பல் வெந்நீர் தாங்காது, கோணிவிடும் என்று நான் சொன்னேன். "சார், நீங்க கணக்கு வாத்தியார்தானே, சயின்ஸ் இல்லையே" என்றாள் மெர்லின். கோணிப்போனதில் எது யாருடையது என்று ஒருத்தருக்கும் அடையாளம் தெரியவில்லை. சாப்பாட்டு மேஜையில் கொட்டிவிட்டு, அவரவர் பல்லை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்குக் கறிக்குழம்பு.

பசித்த கிழடுகளிடம் அப்படிச் சொல்லலாமா? முதலில் இழுபறி, பிறகு கைத்தடி. ஒருவருக்குத் தோள்பட்டை இறங்கியது, ஒருவருக்குக் காது கிழிந்தது. நானும் அடித்தேன். சுருளியாண்டி கையில் இருந்தது என் மேல்வரிசை என்று நினைத்து எவர்சில்வர் தட்டால் அவர் நெற்றியில் போட்டேன். ரத்தம் வந்தது. பிடுங்கி மாட்டிப் பார்த்தால் அது என்னுடையது இல்லை. எழுபத்தெட்டு வயதில், ஞாயிறு தவறாமல் பூசை காண்கிறவன், பல்லுக்காக ஒரு மனுஷன் மண்டையை உடைத்தேன். இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. இப்போது என் கீழ்த்தாடையில் இருப்பது யாருடையதோ தெரியாது. வெற்றிலைக் காவி ஏறியிருக்கிறது. நான் வெற்றிலையே போட்டதில்லை.

'முதியோர் தங்கள் பற்கள்மீது காட்டும் ஆர்வம் மெச்சத்தக்கது' என்று அந்த மாத அறிக்கையில் எழுதினார்கள்.

மூக்கம்மாள் தானாகத் தேய்ப்பதை நிறுத்தினாள். பிரஷ் பட்டாலே உயிர் போகும்போது எப்படித் தேய்ப்பாள்? அதனால் அவளுக்கு நால்வர் குழு வந்தது. விஜய்பாண்டி என்ற உதவியாளன் பழைய கபடிக்காரன். அவள் தலையை அக்குளில் இறுக்கிக்கொண்டான். மெர்லின் கரண்டிக் காம்பைக் கடைவாயில் செருகி நெம்பினாள். சமையல்காரம்மா பிரஷ்ஷை விட்டு ஆட்டினாள். நேராக அந்தப் பல்லின் மேலேயே ஆட்டினாள். மூக்கம்மாள் அக்குளுக்குள் இருந்து போட்ட சத்தம் திராட்சை வெட்டிக்கொண்டிருந்த கூலியாட்கள் வரைக்கும் கேட்டது. மூன்றாம் நாள் விஜய்பாண்டியின் கட்டைவிரல் எப்படியோ அவள் வாய்க்குள் போனது. வெளியே வரும்போது நகம் இல்லை.

மறுநாளே விசாரணை வைத்தார்கள். குழுத் தலைவர் அனுசுயா மேடம் தேனியிலிருந்து வந்தார். பட்டுச் சேலை, கழுத்தில் அடையாள அட்டை. நான் விவரம் தெரிந்தவன் என்று என்னைச் சாட்சியாக உட்கார வைத்தார்கள்.

"கடிச்சது எந்தப் பல்லு?" என்று கேட்டார் அனுசுயா மேடம்.

"முன்னாடி மேல நாலு, கீழ நாலு மேடம்" என்றாள் மெர்லின்.

"கடிக்காத பல்லப் பத்திப் பேசுங்கம்மா" என்றாள் மூக்கம்மாள். "இங்கன பாருங்க, இது. இதுதான் என்னயக் கொல்லுது." வாயை ஆவென்று திறந்து காட்டினாள். சீழ் நாற்றம் மேஜையைத் தாண்டி வந்தது.

மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு படிவத்தைப் புரட்டினார். "வாயைத் திறந்து பாக்கணும்னு இதுல கட்டம் இல்லையேம்மா. நாப்பத்தோரு கட்டம் இருக்கு. பிரஷ் இருக்கா, பிரஷ்ல பேர் எழுதியிருக்கா, உறுதிமொழி எடுத்தாகளா, எல்லாம் இருக்கு. வலின்னு ஒரு கட்டம் முன்ன இருந்துச்சு. ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி எழுதுனாக. ஒரு இல்லத்தையும் இன்னொரு இல்லத்தையும் ஒப்பிடவே முடியல. எடுத்துட்டோம்."

நான் எழுந்து, "அம்மா, குழுவில் ஒரு பல் டாக்டர் இருந்தால் அவரையாவது பார்க்கச் சொல்லலாமே" என்றேன்.

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. இந்தக் கேள்விக்காகவே காத்திருந்த மாதிரி இருந்தது. "குழுவுல பல் டாக்டர் ஒருத்தர்கூடக் கெடையாது சார். வேணும்னேதான் வைக்கல. பல் டாக்டர் வந்தா பல்லையே பாத்துக்கிட்டு இருப்பாரு. நாங்க அப்படி இல்ல, மொத்தத்தையும் பாக்குறோம். ஏழு வருஷத்துல ஒரு வாயக்கூட நான் திறந்து பார்த்ததில்ல. அப்படி ஒரு நேர்மையோட நடக்குற குழு இது."

ஆதித்தன் கைதட்டினார். தானம் கொடுத்த மாட்டையாவது பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். எங்களுக்கு அதுவும் இல்லை.

தீர்ப்பு என்னவென்றால், பல் தேய்க்கும்போது மூக்கம்மாளின் கைகள் நாற்காலியில் கட்டப்பட வேண்டும். மென்மையான துண்டால்தான் கட்ட வேண்டும், கயிறு கூடாது. தாடை மூடாமலிருக்க ரப்பர்த் துண்டு வைக்கலாம். ரப்பருக்கு ஜீப்பின் பழைய டயரை அறுத்தார்கள். விஜய்பாண்டி விரல் கட்டோடு தலையைப் பிடித்தான். ஆள் பற்றாக்குறை என்று நான்காவது வேலையை, அந்த டிக் போடுகிற வேலையை, எனக்குக் கொடுத்தார்கள். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அறையை மாற்றிவிடுவார்கள் என்று பயந்தேன். ஜன்னல் இருக்கிற அறை என்னுடையது. பன்னிரண்டு நாள், இரண்டு வேளை, இருபத்து நான்கு டிக். ஒவ்வொரு தடவையும் அவள் டயர் ரப்பரைக் கடித்துக்கொண்டு என்னைத்தான் பார்ப்பாள். தண்ணீர் ஒழுகுகிற அந்தக் கண்ணுக்கு எதிரே நின்று 'அன்புடன்' என்ற கட்டத்தை நிரப்பினேன். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் இதைச் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

ஐந்தாவது நட்சத்திரம் வந்துவிட்டது. ஒரு வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கூடத்தில் விழா. 'சிரிக்கட்டும் முதுமை' என்று பெரிய பேனர். கம்பத்திலிருந்து போட்டோக்காரர் வந்து கேமராவை வைத்துப் பார்த்துவிட்டு, "சார், பேனர்ல சிரிக்கட்டும்னு போட்டிருக்கீக. சிரிக்க ஒருத்தருக்கும் பல்லு இல்லையே" என்றார். ஆதித்தனுக்கு வேர்த்துவிட்டது. வரிசையாக எங்கள் வாயைப் பார்த்துக்கொண்டே வந்தார். மூக்கம்மாளிடம் வந்து நின்றார். நேற்றுவரை கட்டிப்போட்ட கிழவி, அந்த நிமிஷம் முதல் இல்லத்தின் சிறந்த பல் பராமரிப்பாளர். மெர்லின் ஓடி வந்து வீங்கின கன்னத்தில் பவுடர் அப்பினாள். இடதுபக்கமாக நின்று எடுக்கும்படி போட்டோக்காரரிடம் சொன்னார்கள்.

கேடயம் என்று கொண்டுவந்ததைப் பார்த்தால், தேக்குப் பலகையில் நிறுத்தின பித்தளைக் கடவாய்ப்பல். இரண்டு கிலோவுக்குக் குறையாது. அனுசுயா மேடம் பேசினார். "முதுமையில வலி சகஜம். ஆனா நம்ம இல்லங்கள்ல அது பதிவாகுறதில்ல. இதுதான் இந்தத் திட்டத்தோட வெற்றி" என்றார். கேடயத்தை மூக்கம்மாளின் இரண்டு கைகளிலும் வைத்தார்.

"பல்லு தெரியச் சிரிங்க ஆத்தா" என்றார் போட்டோக்காரர்.

மூக்கம்மாள் முயற்சி செய்தாள். உதடு பிரியவில்லை, வீக்கம் இழுத்துப் பிடித்திருந்தது. ஆதித்தன் பல்லைக் காட்டிக்கொண்டே பக்கத்தில் குனிந்து, இரண்டு விரலால் அவள் வலதுகன்னத்தைப் பிடித்து மேலே தூக்கினார். "இப்படி ஆத்தா, இப்படி" என்றார். வீக்கத்தின் மேலேயே பிடித்தார். போட்டோக்காரர் ஒன்று எடுத்தார். இரண்டு எடுத்தார். "அப்படியே புடிங்க சார்" என்று மூன்றாவதும் எடுத்தார்.

நான்காவதற்குக் கேடயம் மேலே போனது. ஏலக்காய் மூட்டை சுமந்த கை அது. பித்தளைக் கடவாய்ப்பல் இயக்குநரின் வாயில் இறங்கியது. கொட்டைப்பாக்கு உடைகிற சத்தம் கேட்டது. அவர் கையை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் இன்னொரு தடவையும் இறங்கியது. வெள்ளைச் சட்டை முன்பக்கம் பூராவும் சிவந்தது. முன்பல் ஒன்று உருண்டு அனுசுயா மேடத்தின் செருப்பருகில் போய் நின்றது. இன்னொன்று எங்கே என்று தெரியவில்லை, விழுங்கியிருப்பார்.

கேடயம் கைக்கு வந்ததும் கைதட்ட வேண்டும் என்று ஒத்திகையில் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். முப்பது பேரும் கைதட்டினோம்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் வெகு வேகம். நாலு மாதமாகத் தூங்கின டிரைவர் எழுந்தார். ஜீப் உறுமியது. ஆதித்தனைத் தூக்கிப் பின்சீட்டில் போட்டார்கள். துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அவர் மாடு மாதிரி கத்தினார். மூக்கம்மாள் கேடயத்தை மேஜையில் வைத்தாள், முந்தானையில் கையைத் துடைத்தாள், நடந்துபோய் ஜீப்பில் அவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

மெர்லின் ஓடிவந்து மறித்தாள். "ஆத்தா இறங்குங்க. நீங்க போனா அரை நட்சத்திரம் போயிரும். இப்பத்தான் வாங்கியிருக்கோம்."

"நான் இறங்க மாட்டேன்" என்றாள் மூக்கம்மாள். "பல் டாக்டர்ட்டதான போறீக. இன்னொருக்க இவர அடிக்க எனக்கு உடம்புல தெம்பு இல்ல. இப்பவே வாரேன்."

எல்லோரும் அனுசுயா மேடத்தைப் பார்த்தோம். விதி என்று வந்துவிட்டால் அவருக்கு ஒரு தெளிவு வந்துவிடும். பையிலிருந்து புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். "நோயாளி இயக்குநர். அவர் முதியவர் இல்ல, அதனால விதி பதினாலு அவருக்குப் பொருந்தாது. இந்தம்மா நோயாளியாப் போகல. நோயாளிக்குத் துணையாப் போறாக. துணைக்குப் போறவங்களுக்கு வெட்டு கெடையாது. அங்க போன இடத்துல அவுக வாய்க்கு என்ன நடந்தாலும் அது நம்ம பதிவுல வராது. நட்சத்திரம் அஞ்சு அஞ்சாவே இருக்கும்." அப்படியே ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக்கொடுத்தார். போலீஸுக்குச் சொல்லலாமா என்று விஜய்பாண்டி கேட்டான். ஏன் அடித்தாள் என்று அவர்கள் கேட்பார்களே என்றார் மேடம். ஆகவே கேடயம் கைதவறியது என்று முடிவானது.

என்னையும் எழுத்து வேலைக்கு ஏற்றிக்கொண்டார்கள். வழியெல்லாம் ஆதித்தன், "வழிக்குது, வழிக்குது" என்று அழுதார். பல் போனால் சொல் போச்சு என்பது சரிதான். மூக்கம்மாள் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "வலிக்கும்யா. ராத்திரியிலதான் சாஸ்தியா வலிக்கும். நாலு மாசத்துல பழகிரும்" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். அவர் இன்னும் பலமாக அழுதார்.

ஆதித்தனுக்கு ஊசி போட்டு, மரத்துப்போகக் காத்திருந்த நேரத்தில் டாக்டர் மூக்கம்மாளை நாற்காலியில் ஏற்றினார். வாயைத் திறக்கச் சொல்லி, விளக்கைப் போட்டு, உள்ளே பார்த்தார். பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "யோவ், மனுஷங்கதானா நீங்க?" என்றார். அவளுக்கும் ஊசி போட்டு, சீழை வடித்துவிட்டுப் பல்லைப் பிடுங்கினார். என் கைக்கடிகாரத்தில் பார்த்தேன், பிடுங்க நாலு நிமிஷம். பஞ்சைக் கடித்துக்கொண்டு மூக்கம்மாள் அந்த நாற்காலியிலேயே தூங்கிப்போனாள். எழுப்ப எங்களுக்கு மனசு வரவில்லை.

மறுநாள் காலை உறுதிமொழிக்குக் கூடத்தில் ஒருவரும் இல்லை. எல்லோரும் இயக்குநர் அறைக் கதவுக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். அனுசுயா மேடம் எழுதிக்கொடுத்த காகிதம் கைமாறிக் கைமாறிக் கசங்கியிருந்தது. முதலாவதாகச் சுருளியாண்டி, நெற்றியில் நான் போட்ட தழும்போடு. கையில் சமையல்கட்டு அம்மிக்குழவி. அவருக்கு அடுத்து, ஈறு அழுகிப்போன பஞ்சம்மாள். உள்ளே ஆதித்தன் கட்டிலை இழுத்துக் கதவுக்கு முட்டுக்கொடுக்கிற சத்தம் கேட்டது.

"வாத்தியாரே, எத்தனை வேணும்னு கணக்குப் போட்டுச் சொல்லுங்க" என்றார் சுருளியாண்டி.

கணக்கு சுலபம்தான். வாயில் வலி உள்ளவர்கள் என்னோடு சேர்த்துப் பதினாறு பேர். இயக்குநரையும் டிரைவரையும் சேர்க்காமல் நெருக்கி உட்கார்ந்தால் ஜீப்பில் எட்டுப் பேர் போகலாம். ஒரு தடவைக்கு ஒரு பல் என்றால் இரண்டு பல் போதும். அவருக்கு இன்னும் முப்பது இருக்கிறது. இரண்டு என்று சொன்னேன்.

சுருளியாண்டி கொஞ்சம் யோசித்தார். "எதுக்கும் மூணா வச்சுக்கிருவோம் வாத்தியாரே" என்றார். "ஜீப்புல எடம் பத்தாமப் போச்சுன்னா, திரும்ப அவரத் தொந்தரவு பண்ணக் கூடாதுல்ல."